முன்னறை காலியாகும் வரை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கிரயப் பத்திரத்தின் நான்காம் பக்கத்தில். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரி சொன்னது என்று ஒரு முறை எழுதிப் பார்த்தேன். பொய் சரியாக உட்காரவில்லை. அதனால் உள்ளதையே சொல்லிவிடுகிறேன். அந்த வரி இதுதான்:

"மேற்படி சொத்தில் தெருவைப் பார்த்த முன்னறையில் சாமியாத்தாள் என்பவர் தன் ஆயுள்காலம் முடிய யாதொரு வாடகையும் இன்றிக் குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அதன்பின் மேற்படி முன்னறையும் கிரயம் பெறுபவர்களையே சேர வேண்டியது."

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட ஆண்டு மலர், காதணி விழா அழைப்பு என்று எது வந்தாலும் முதலில் என் கண்ணுக்கு வந்துதான் மெஷினுக்குப் போகும். பதிவு அலுவலகத்தின் மரப்பெஞ்சில் உட்கார்ந்து அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஒற்றுப்பிழைகூட இல்லை. கையெழுத்துப் போட்டேன். 'அதன்பின்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

[இது பொய். கவனித்தேன். என் கணவர் ரசாக்கும் கவனித்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேனாவை மட்டும் கைமாற்றிக்கொண்டோம்.]

என் பெயர் இஸ்மத். கதையில் 'நான்' என்று வந்தால் அது எழுதுகிறவர் இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இதில் நான்தான் நான். எனக்குச் சலிப்பாக இருக்கிறது. இன்னொருத்தியைக் கண்டுபிடித்து, அவளுக்கு ஒரு பேர் வைத்து, சேலை கட்டி விடுவதற்குத் தெம்பு இல்லை.

2

தொடக்கங்கள்.

(அ) "குனியமுத்தூரில் அந்த வீட்டை முதல் தடவை பார்த்தபோது மழை பிடித்து—"

மழை இல்லை. அது பிப்ரவரி மாதம். மழை பெய்திருந்தால் கூரை எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று பார்த்துவிட்டு ஓடி வந்திருப்போம். இந்தக் கதையும் இருந்திருக்காது.

(ஆ) "வீடு வாங்குவதில் மனோஜ்குமாருக்கு ஒரு கொள்கை இருந்தது. அது என்னவென்றால்—"

மனோஜ்குமார் என்று யாரும் இல்லை. பழியைச் சுமக்க ஓர் ஆண்பிள்ளை தேவைப்பட்டான். நான்கு பக்கம் நடக்க வைத்தேன். ஐந்தாம் பக்கத்தில் அவன் என்னைப் பார்த்து, "இதெல்லாம் உங்க யோசனை தானுங்க?" என்று கேட்பதுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன்.

(இ) "சிக்கனம் என்பது உண்மையில்—"

கட்டுரை. வேண்டாம்.

நேராகச் சொல்கிறேன். ரசாக்குக்குத் தொழில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது. கிணற்று மோட்டார், சப்மெர்சிபிள் மோட்டார் எல்லாம் எரிந்து போனால் கிணத்துக்கடவுப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அவரிடம் வண்டியில் வந்து இறங்கும். பாலக்காட்டு ரோட்டில் வாடகைக் கடை. நாங்கள் குடியிருந்ததும் வாடகை வீடு. மகள் யுஸ்ரா ஒன்பதாம் வகுப்பு, மகன் அஃபான் இரண்டாம் வகுப்பு. இரண்டு வாடகையும் போக மாதக் கடைசியில் மிஞ்சுவது சில்லறைதான். அப்போதுதான் இந்த யோசனை வந்தது. பழைய வீடு ஒன்றை மலிவாக வாங்கி, உள்ளே குடியிருந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து, தெருவைப் பார்த்த அறையில் கடையைப் போட்டுவிட்டால் இரண்டு வாடகையும் மிச்சம். யோசனை யாருடையது என்று கேட்காதீர்கள். மனோஜ்குமாருக்கே தெரிந்திருந்தது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள். பழைய வீட்டை வாங்கிப் பார் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. வாங்கியவர்களுக்குப் பழமொழி சொல்லும் தெம்பு மிஞ்சியிருக்காது.

விற்றவர் ஈஸ்வரமூர்த்தி. பெருந்துறையில் சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருக்கிறார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூன்று பேனா. பக்கவாட்டுச் சந்து வழியாக எங்களைக் கூட்டிப் போய்க் கூடம், உள்ளறை, சமையல்கட்டு, பின்னறை என்று காட்டினார். அதே தெருவில் மற்ற வீடுகள் போகிற விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கேட்டார்.

"செவுரெல்லாம் கல்லுச் செவுருங்க. ஓடு மட்டுந்தான் கொஞ்சம் பாத்துக்கோணும்," என்றார்.

முன்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். இருமல் நிற்கும், முடிந்தது என்று நினைப்போம், அடியிலிருந்து மறுபடி கிளம்பும். நாங்கள் மூவரும் அது முடியும்வரை காத்து நின்றோம்.

"என்ர அக்காளுங்க," என்றார். "மில்லுல இருந்தவங்க. பஞ்சு நெஞ்சுல ஏறிப்போச்சுங்க."

"டாக்டர்கிட்டக் காட்டுனீங்களாங்க?" என்று ரசாக் கேட்டார்.

"காட்டாம இருப்பனுங்களா. எல்லாங் காட்டியாச்சுங்க. இனி என்னங்க…" கூரை ஓட்டைப் பார்த்தார். "அப்பன் எழுதி வெச்சுட்டுப் போயிட்டாருங்க. அது இருக்கற வரைக்கும் அந்த ரூமு மட்டும் அதுக்கு. அத வெச்சுத்தானுங்க வெலையும் இப்புடிச் சொல்றேன். உங்களுக்குத் தெரியாததுங்களா."

"சரிங்க," என்றார் ரசாக்.

"சரிங்க," என்றேன் நானும்.

இந்த ஊரில் எதையும் ஒரு 'ங்க' போட்டுச் சொல்லிவிட்டால் சொன்ன மாதிரியே இருக்காது. ஒரு மனுஷி சாவதற்கு நாள் குறித்து, அதை விலையில் கழித்து, மூன்று பேரும் கும்பிட்டு விடைபெற்றோம். ஒருவர் வாயிலும் ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை.

3

சாமியாத்தாள் பாத்திரம் பற்றி என் சந்தேகங்கள்.

முதல் சந்தேகம் வயது. இருமலை மட்டும் கேட்டு எழுபது, எழுபத்தைந்து இருக்கும் என்று நினைத்திருந்தோம். சாமான் இறக்கிய அன்றுதான் முகத்தைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. ரசாக்குக்கு மூத்த அக்கா ஒருவர் உண்டு, அவரைவிட இரண்டு வயதுதான் அதிகம். அதனால் நாங்களும் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தோம்.

இரண்டாவது சந்தேகம், அவருக்கு ஏன் ஓர் அறை மட்டும் என்பது. இந்தப் பக்கத்துக் கவுண்டர் வீடுகளில் பெண்ணுக்குச் சீர் உண்டு, நகை உண்டு, சொத்தில் பங்கு கேட்கும் வழக்கம் இல்லை. சட்டம் என்ன சொன்னாலும் கட்டிக்கொடுத்த பெண் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தம்பிக்குக் கொடுத்துவிட வேண்டும். சாமியாத்தாள் அக்காவும் போட்டார். கருமத்தம்பட்டியில் தறிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் வருடம் அந்த ஆள் இன்னொருத்தியைக் கூட்டி வந்தான். அக்கா துணிப்பையோடு அப்பன் வீட்டுக்கு வந்தார். போட்ட கையெழுத்து போட்டதுதான். ஆனால் அப்பனுக்கு மனசு கேட்கவில்லை. பங்கு கொடுக்க வழக்கம் விடவில்லை, வெளியே விட மனசு விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் அறையைச் சாகும்வரை எழுதி வைத்தார்.¹

மூன்றாவது சந்தேகம்தான் எனக்குப் பெரிய தொல்லை. அவர் பரிதாபமான பாத்திரமாக இருக்க மறுக்கிறார். கேஸ் சிலிண்டர்காரரிடம் பத்து ரூபாய்க்காகத் தெரு முழுக்கக் கேட்கும்படி சண்டை போடுகிறார். தங்கம் இன்றைக்கு ஏறியதா இறங்கியதா என்று தினமும் யுஸ்ராவைப் போனில் பார்க்கச் சொல்கிறார். அவரிடம் தங்கமே கிடையாது. நேரத்தை ஷிப்டில் அளக்கிறார். கடைக்குப் போனால், "அரை ஷிப்டுல வந்தர்றேன்" என்பார். இதையெல்லாம் வைத்துக்கொண்டு சோகக் கதை எழுதுவது கஷ்டம்.

குடிவந்த அன்று அவர் முன்னறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு விசில்போல் கேட்டது.

"வாங்க கண்ணு. இந்த ஊட்டுல ஆளு சத்தங் கேட்டு வருசமாச்சு," என்றார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டுத் தணிந்த குரலில், "என்னால எடஞ்சல் இருக்காது அம்மணி. நான் ரொம்ப நாளைக்கு இல்ல," என்றார்.

அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்த வாக்கியத்தை மூன்று பிரதிகளில் அடித்தேன். இதில் அடிக்கவில்லை.

¹ அடிக்குறிப்பு: தம்பி என்று எழுதும்போதெல்லாம் ஈஸ்வரமூர்த்தியை வில்லனாக்க ஆசையாக இருக்கிறது. அவர் வில்லன் இல்லை. மாதாமாதம் அக்காவுக்கு மாத்திரை அனுப்புகிறார். வீடு வாங்கிய என் குடும்பமும் தராசில் அதே தட்டில்தான் நிற்கிறது.

4

எந்த அறையை முதலில் சரிசெய்வது? கையில் இருந்தது ஒரே ஓர் அறைக்கான பணம். முன்னறையும் பின்னறையும் ஒரே கதி. இரண்டிலும் ஓட்டுக்கும் அடியிலிருந்த பலகை மச்சுக்கும் நடுவே புறாக்கள். எத்தனை வருடம் என்று அவற்றுக்குத்தான் தெரியும். மச்சின் இடுக்கு வழியாக எச்சம் பொடிப்பொடியாகக் கட்டில்மேல் உதிரும். அக்கா காலையில் போர்வையை உதறுவதை ஒரு வேலையாகவே வைத்திருந்தார்.

நாங்கள் முன்னறையை எடுத்தோம். தெருவே மெச்சியது. "சொந்தத் தம்பி செய்யாதத வாங்குன பாய் செய்யறாருங்க," என்று எதிர்வீட்டு பிந்து என்னிடமே சொன்னாள். அக்கா மளிகைக் கடையில், காய் வண்டியில், பால்காரரிடம் என்று எல்லோரிடமும் சொன்னார்.

[எழுதத்தான் வேண்டும். ரசாக் அந்த அறைக்கு மும்முனை மின்சாரத்துக்கு வயர் இழுத்தார். தெருக்கதவின் அகலத்தை ஷட்டர் வைக்கத் தோதாக ஒரு முழம் கூட்டினார். தரையைத் தெருமட்டத்துக்குச் சரிவாகப் போட்டார், மோட்டாரை உருட்டி ஏற்ற வேண்டும் அல்லவா. ஒரு பெண் படுத்துத் தூங்கும் அறைக்கு இதெல்லாம் எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. "ரசாக்குத் தம்பி எதுனாலும் அகலமா யோசிக்குது" என்றார்.]

பத்து நாள் அக்காவை உள்ளறையில் யுஸ்ராவோடு படுக்க வைத்தோம். மச்சைப் பிரித்தபோது பதினேழு சாக்கு எச்சம் இறங்கியது. ஓடு மாற்றி, வலை அடித்து, வெள்ளை பூசி முடித்தோம். விரட்டிய புறாக்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. வீட்டின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பின்னறைக் கூரைக்குள் போய்ச் சேர்ந்துகொண்டன.

ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் கூடத்தில் உட்கார்ந்து புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று யோசித்தேன். இருமல் இல்லை.

அடுத்த ஒரு மாதத்தில் அக்கா சந்தைக்கு நடந்து போனார். இரண்டாம் மாதம் கன்னத்தில் சதை வைத்தது. மூன்றாம் மாதம் சிலிண்டரைத் தானே உருட்டினார்.

நான் ஐந்து வேளையும் தொழுகிறவள். அவருடைய சாவை ஒரு நாளும் துஆவில் கேட்டதில்லை. "யா அல்லாஹ், இந்த வீட்டு விஷயத்தை எங்களுக்கு லேசாக்கித் தா" என்று மட்டும் கேட்டேன். கேட்டவளுக்கும் கொடுப்பவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும். அந்த மூன்றாம் மாதத்திலிருந்து அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

5

டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். ரசாக் கடையில் இருந்தார். பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அக்காவிடம் கேட்டார்.

"வீட்டுல புறா இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க. இந்த அம்மணி ஊட்டுக்காரரு தொரத்திப்போட்டாரு."

"உங்களுக்கு மில் பஞ்சு இல்லீங்கம்மா, புறா எச்சம். அதத்தான் இத்தனை வருசமா சுவாசிச்சிருக்கீங்க. அது போனதும் நுரையீரல் தேறிடுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை அந்தத் தூசியில இவங்க இருந்தா இந்தத் தடவை மாதிரி திரும்பாது. மாசக்கணக்கெல்லாம் வேண்டாம், சில வாரம் போதும். பாத்துக்குங்க."

"வேற எதுவும் இல்லீங்களே?" என்று அக்கா கேட்டார்.

"வேற எதுவும் இல்லீங்க. இப்படியே இருந்தா எண்பது, எண்பத்தஞ்சு தாராளமா இருப்பீங்க."

அக்கா வெட்கப்பட்டார். யாரோ பெண் பார்க்க வந்ததுபோல் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார்.

பேருந்தில் நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். எண்பத்தைந்தில் ஐம்பத்தெட்டு போனால் இருபத்தேழு. அப்போது எனக்கு அறுபத்தாறு.

வீட்டுக்கு வந்து ரசாக்கிடம், "புறாவாலதான் வந்துச்சாமுங்க. இப்பச் சரியாயிருச்சு," என்றேன். டாக்டர் சொன்னதில் பாதி. மறு பாதியைச் சொல்லியிருந்தால் ஷட்டருக்கு ஒதுக்கியிருந்த காசில் பின்னறைப் புறாக்களை விரட்ட வேண்டியிருக்கும். அதற்காகத்தான் சொல்லவில்லையா, சொல்லக் கூச்சமாக இருந்ததா? இரண்டும்தான். ஆனால் அன்று மாலையே பின்னறையில் இருந்த பிள்ளைகளின் புத்தகப் பெட்டியைத் தூக்கிக் கூடத்துக்கு மாற்றினேன். அந்த அறைக் கதவைச் சாத்திக் கொக்கி போட்டேன்.

6

அவரைக் கதையில் கொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதல் பிரதியில் தூக்கத்தில் போனார். இரண்டாவதில் ஆஸ்பத்திரியில், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ரூமு இனி உங்களுதுதான் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். [வெட்கக்கேடு.] மூன்றாவது பிரதி கொஞ்சம் தேறியது. அதில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு யுஸ்ரா காபி கொண்டுபோய்க் கதவைத் தட்டுகிறாள். பதில் இல்லை. தம்பி பெருந்துறையிலிருந்து வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார். பெயரை மட்டும் நாச்சம்மாள் என்று மாற்றியிருந்தேன்.

நான் எழுதுவது அச்சகத்து வீண் தாள்களின் பின்பக்கத்தில். புரூப் பார்த்து முடித்த தாள்களைக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவேன். எழுதாத கட்டுகளை அக்காவுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம், அவர் அலமாரிப் பலகையில் விரிப்பார். ஒரு வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கட்டு மாறிப் போனது. பிழை திருத்துகிறவள் செய்த பிழை.

மாலையில் நான் திரும்பியபோது அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். மடியில் தாள்கள். எட்டாவது வரை படித்தவர், மில்லில் யூனியன் நோட்டீசையெல்லாம் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியவர்.

"அம்மணி, இந்தத் தாளுகள்ல ரெண்டு பக்கமும் எழுத்தா இருக்குது. ஒரு பக்கம் கல்யாணம். இன்னொரு பக்கம் நானு."

"அக்கா, அது கதைங்கக்கா," என்றேன்.

"தெரியுது கண்ணு. நல்லாத்தான் எழுதியிருக்கற. எனக்கே அழுவாச்சி வந்துபோச்சு." தாளைப் புரட்டினார். "ஆனா சனிக்கெழமையாப் பாத்துச் சாவ வெச்சிருக்கறயே. சனிப் பொணம் தனிப் போவாதும்பாங்க. கூட ஒரு கோழியக் கட்டி அனுப்போணும். கொழந்தைக இருக்கற ஊடு. வேற கெழமைக்கு மாத்திப்போடு."

அந்தப் பழமொழி எனக்கும் தெரியும். கோவையில் பிறந்த யாருக்கும் தெரியும். நான் ஏன் சனிக்கிழமை என்று எழுதினேன்? அடக்கம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும், அச்சகத்தில் லீவு சொல்ல வேண்டியிருக்காது. காரணம் அவ்வளவுதான். எழுதும்போது அது காரணம் என்றுகூடத் தெரியவில்லை. அவர் கேட்டபோது தெரிந்தது.

"இன்னொண்ணு. என்ர தம்பி மாரடிச்சு அழுவறான்னு எழுதியிருக்கற. அவன் அழுவமாட்டான். அத எடுத்துப்போடு. அப்பறம், பேர எதுக்கு மாத்தி வெச்சிருக்கற? என்ர பேரே இருக்கட்டும். பத்திரத்தத் தவிர அது எங்கயும் அச்சுல வந்ததில்ல."

அதனால்தான் இந்தப் பிரதியில் சாமியாத்தாள் என்றே இருக்கிறது.

அவர் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "சாவாம முடிக்க வராதா அம்மணி?" என்று கேட்டார். கோபமாக இல்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கும் குரல்.

"பாக்கறேங்கக்கா," என்றேன்.

"ம். உனக்கும் கஷ்டந்தான்," என்றார்.

7

இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். அவர் மன்னித்துவிட்டார், நான் அழுதேன், வாசகர்களும் லேசாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பலாம். ஆனால் கடை இருக்கிறதே.

ஜனவரி முதல் வாரம் கடைக் கட்டிடத்தின் சொந்தக்காரர் வந்து, கட்டிடத்தை இடித்துக் கட்டப் போவதாகவும் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். ரசாக் அந்த ரோடு முழுக்க அலைந்தார். கேட்ட அட்வான்சுக்கு எங்களால் ஆகாது. வீடு எங்கள் கையைச் சுரண்டி வைத்திருந்தது. கடை இல்லாவிட்டால் இன்னொருவர் பட்டறையில் கூலிக்குக் காயில் கட்டப் போக வேண்டும். பத்தொன்பது வருடம் சொந்தமாகத் தொழில் செய்தவர்.

அவர் கடைச் சாமான்களைத் தவணையில் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் அடுக்க ஆரம்பித்தார். செம்புக் கம்பிச் சுருள்கள், வார்னிஷ் டின்கள், பாதி பிரித்த மோட்டார்கள். நடக்கவே இடமில்லை. யுஸ்ரா பொதுத்தேர்வுக்குப் படிப்பது உள்ளறையில், கட்டில்மேல்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். ரசாக் தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அக்கா வந்து சுருள்களைத் தாண்டி நின்றார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், தட்டாத. முன்னால ரூம எடுத்துக்க. கடையப் போடு. நான் பின்னால ரூமுக்குப் போயிர்றேன்."

ரசாக் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அது உங்களுக்கு எழுதுன ரூமுங்கக்கா."

"எழுதுனவரு போயி எத்தன வருசமாச்சு. எனக்கு எங்க படுத்தா என்ன? ஒரு கட்டலு, ஒரு அடுப்பு. நீ பொழுதுக்கும் இந்தக் கம்பிக்குள்ள உக்காந்திருக்கறதப் பாக்க முடியில."

ரசாக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அத்தா, என் மாமனார், மௌத்தாகிப் போனபோது ஒரு முறை. "ரெண்டே மாசங்கக்கா," என்றார். "கடை ஓட ஆரம்பிச்சா மொத வேலையா அந்த ஓட்டப் பிரிச்சு மாத்திக் குடுத்தர்றேன். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"ரெண்டு மாசந்தானே," என்றார் அக்கா.

பிறகு என்னைப் பார்த்தார். டாக்டர் சொன்னதை முழுதாகக் கேட்டவர்கள் அந்தக் கூடத்தில் இரண்டு பேர்தான்.

"என்ன அம்மணி, நீ என்ன சொல்ற?" என்றார்.

8

முடிவுகள்.

(அ) நான் "சரிங்கக்கா" என்கிறேன். பிப்ரவரி ஒன்றாம் தேதி கடை திறக்கிறோம். தோட்டத்துக்காரர்கள் மோட்டாரைச் சரிவில் உருட்டி உள்ளே ஏற்றுகிறார்கள். யாரும் யாரையும் எதுவும் செய்யவில்லை, அவராகக் கேட்டார், அவராகப் போனார். மார்ச் மாதத்தில் ஒரு காலை நான் புரூப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னறையிலிருந்து—

(ஆ) நான் டாக்டர் சொன்ன மறு பாதியையும் சொல்லிவிடுகிறேன். ரசாக் என்னை ஒரு பார்வை பார்க்கிறார். எதற்காகப் பார்க்கிறார் என்றால், இத்தனை மாதம் சொல்லாததற்கு. அக்கா முன்னறையிலேயே இருக்கிறார். ரசாக் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கு யாரோ ஒருவர் பட்டறைக்குப் போகிறார். நான் தினமும் அந்த அகலமான கதவைத் தாண்டி வேலைக்குப் போகிறேன். ஒரு நாள் இல்லை ஒரு நாள் மறுபடியும் துஆவில்—

(இ) ஈஸ்வரமூர்த்தி மனம் திருந்திப் பின்னறைக்கு ஓடு மாற்றப் பணம் அனுப்புகிறார். அஃபானிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏம்மா அனுப்புனாரு?" என்று கேட்டான்.

மூன்றையும் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நான் அதை வேண்டுமென்றே தாண்டிப் போயிருக்கிறேன். நீங்கள் முன்னமே கண்டிருப்பீர்கள். முன்னறையையும் பின்னறையையும் வைத்தே இவ்வளவு நேரம் உருட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் உள்ளறை ஒன்று இருக்கிறது. மழை இறங்காத, புறா இல்லாத, நாங்கள் படுக்கிற அறை. பத்து நாள் அவர் அங்கே யுஸ்ராவோடு படுத்திருந்தார், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

அதை அவருக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் நால்வரும் கூடத்தில் படுக்கலாம். முன்னறை கடையாகும், அவர் நுரையீரலும் பிழைக்கும். எழுத ஐந்து வரி போதும். ஆனால் அந்த அறையை எந்தப் பத்திரமும் அவருக்கு எழுதி வைக்கவில்லை. நாங்களாகக் கொடுத்தால் இரண்டு மாதத்துக்கு என்று கொடுக்க முடியாது, இருபத்தேழு வருடத்துக்குக் கொடுக்க வேண்டும். யுஸ்ரா பெரியவளாகிவிட்டாள், அவளுக்கு ஒரு கதவு வேண்டும். எனக்கும் ரசாக்குக்கும் ஒரு கதவு வேண்டும். வாடகை வீட்டில் பதினேழு வருடம் இல்லாத கதவு அது. வீடு வாங்கியதில் எனக்கு உண்மையாகக் கிடைத்தது அது ஒன்றுதான். அதைக் கொடுக்க எனக்கு மனசு இல்லை. கொடுக்காமல் இருக்கவும் மனசு வரவில்லை. எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது.

அன்று கூடத்தில் அக்கா கேட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். ரசாக் என் முகத்தைப் பார்த்தார். கையில் கீரைத்தண்டு இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா,

அதற்குப் பிறகு நான் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. நல்லதாகச் சொல்லியிருந்தால் மெச்சுவீர்கள், கெட்டதாகச் சொல்லியிருந்தால் திட்டுவீர்கள், இரண்டும் உங்களுக்குச் சுலபம். அந்த வரியை நீங்களே எழுதி மேற்கோள் குறியை முடித்து வையுங்கள். எழுதும் முன்னால் உங்கள் வீட்டில் எத்தனை அறை என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.